நத்தாருக்கு வைத்த இஞ்சி பியர் பாதியில் நின்றுவிட்டது, காப்பாற்ற வழி உண்டா?

ஜம்பட்டா வீதி எழுதியது:

வணக்கம் உறவுகளே.

எங்கள் வீட்டில் நத்தார் என்றால் கேக்கோடு இஞ்சி பியரும் இருந்தாக வேண்டும். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு அது அம்மம்மாவின் கையால்தான் போய்க்கொண்டிருந்தது. இம்முறை அந்த வேலையை நான் ஏற்றிருக்கிறேன். நன்றாகப் பொங்கிக்கொண்டிருந்த பானம் இப்போது அசைவே இல்லாமல் கிடக்கிறது. நத்தாருக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன, ஆனால் அதிகம் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். புறக்கோட்டையில் வாங்கிய உள்ளூர் இஞ்சி ஒரு கிலோ. கழுவி, தோலோடு இடித்து, கறுவாப்பட்டை இரண்டு துண்டும் கராம்பு ஏழெட்டும் போட்டு, குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தேன். வெள்ளைச் சீனி இரண்டு கிலோவை அதிலேயே கரைத்தேன். ஆறிய பிறகு வடித்து, பதினைந்து தேசிக்காய் பிழிந்துவிட்டு, கொதித்தாறிய தண்ணீர் சேர்த்து மொத்தம் 10 லீற்றர் ஆக்கினேன். அம்மம்மாவின் கொப்பியில் "இனிப்புக் கள்ளு ஒரு போத்தல்" என்று இருக்கிறது. கொழும்புக்குள் இருந்துகொண்டு கலப்படமில்லாத கள்ளுக்கு எங்கே போவது? அதற்குப் பதிலாகப் பாண் போடப் பாவிக்கும் ஈஸ்ட், 11 கிராம் பொதி ஒன்றைக் கரைத்து ஊற்றினேன். 20 லீற்றர் வாளி, இறுக்கமான மூடி, மூடியில் துளை போட்டு மீன்தொட்டிக் காற்றுக்குழாய், அதன் மறுமுனை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள்.

மறுநாள் விடியும்போதே போத்தலில் குமிழிகள் ஓயாமல் வந்தன. சமையலறை முழுக்க இஞ்சி வாசனை. பிறகு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிட்டது. சுவைத்துப் பார்த்தால் இனிப்பு நாக்கில் ஒட்டுகிறது. புளிப்பும் தூக்கலாக இருக்கிறது. மதுசாரம் இலேசாகத்தான் தெரிகிறது. வாளியைக் கொஞ்சம் சூடான மூலைக்கு நகர்த்தினேன், கிளறினேன், எதுவும் நடக்கவில்லை. இன்னொரு பொதி ஈஸ்ட்டை அப்படியே மேலே தூவினேன். உடனே நுரை குபுகுபுவென்று எழுந்து மூடி வரை வந்தது. சரி, உயிர் வந்துவிட்டது என்று பார்த்தால் சிறிது நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. எங்கள் அடுக்குமாடியில் சமையலறை வெப்பநிலை பகலில் 30 பாகைக்குப் போகும், ஆகவே குளிர் காரணமாக இருக்க முடியாது.

கராம்பு கூடிவிட்டது, கொட்டிவிட்டுப் புதிதாக வை என்கிறார் மாமி. இஞ்சி விற்கும் விலையில் கொட்ட மனம் வரவில்லை. உண்மையில் என்னதான் நடந்திருக்கிறது?


தெஹிவளைச் சந்தி எழுதியது:

முதலில் மூடியைப் பாருங்கள். வாளியின் விளிம்பில் சவர்க்கார நுரையைத் தடவிவிட்டுக் கவனித்தால் வாயு கசிகிறதா என்று தெரிந்துவிடும். குழாய் வழியாகக் குமிழி வரவில்லை என்பதற்காக நொதித்தல் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது.

அடுத்தது தண்ணீர். நமக்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வந்தாலும் சரி, அம்பத்தலையில் களனி ஆற்றிலிருந்து எடுத்து வந்தாலும் சரி, குளோரின் போட்டுத்தான் வருகிறது. சில காலைகளில் குழாயைத் திறந்தவுடனேயே அந்த நெடி அடிக்கும். ஈஸ்ட்டுக்கு அது ஆகாது. கொதிக்கவைத்த தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் இது காரணமாக இருக்காது. வாளியைக் கழுவியபோது வெளுக்கும் திரவம் ஏதாவது பாவித்தீர்களா?


பம்பலப்பிட்டி டு மெல்பன் எழுதியது:

நான் இங்கே மெல்பனில் வீட்டில் பார்லி பியர் வடிப்பவன். இந்த நாட்டில் சொந்தப் பாவனைக்குப் பியர் செய்ய அனுமதிப்பத்திரம் தேவையில்லை, ஆகவே எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் செய்கிறோம். "பாதியில் நின்றுவிட்டது" என்பது எங்களுக்குள் அடிக்கடி எழும் பேச்சு. அங்கே காரணங்கள் வேறு. முளைத்த பார்லியைச் சூடான தண்ணீரில் ஊறவைக்கும்போது வெப்பநிலை 65 பாகையை ஒட்டி இருந்தால் மாப்பொருள் பெரும்பாலும் ஈஸ்ட் தின்னக்கூடிய சீனிகளாக உடையும். 70 பாகைக்கு ஏறிவிட்டால் ஈஸ்ட் தொட முடியாத நீண்ட சங்கிலிகள் கூடுதலாக மிஞ்சும். அப்படியான பியர் சாரடர்த்தி (அதே அளவு தண்ணீரைவிடப் பானம் எத்தனை மடங்கு பாரம் என்ற எண்; சீனி நொதிக்க நொதிக்க இறங்கும்) 1.020 அளவில் நின்றுவிடும். அதற்குமேல் எதைச் செய்தாலும் இறங்காது. அது நின்றதும் இல்லை, அதன் முடிவே அதுதான். குளிர்கால இரவில் கராஜ் 12 பாகைக்கு இறங்கி ஈஸ்ட் அடியில் படிந்து உறங்கிவிடுவதும் உண்டு.

உங்களுக்கு இவை இரண்டும் பொருந்தாது. நீங்கள் போட்டது வெறும் வெள்ளைச் சீனி. அதை ஈஸ்ட் தன் நொதியத்தால் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைத்து மிச்சம் மீதி இல்லாமல் தின்னக்கூடியது. ஆகவே இனிப்பு மிஞ்சியிருக்கிறது என்றால் குறை சீனியில் இல்லை, ஈஸ்ட் இருக்கும் சூழலில்தான்.

எதையும் சேர்ப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். சாரடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை வெறுமையாக நிறுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி நிறுங்கள். பிறகு அதே போத்தலில் அதே விளிம்பு வரை இஞ்சி பியரை நிரப்பி நிறுங்கள். போத்தலின் எடையைக் கழித்துவிட்டு, பியரின் எடையைத் தண்ணீரின் எடையால் வகுத்தால் வருவதுதான் சாரடர்த்தி. வாயு இருந்தால் கணக்குப் பிழைக்கும். முன்கூட்டியே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நன்றாக ஆற்றி வாயுவைப் போக்கிவிடுங்கள். இரண்டு கிலோ சீனி 10 லீற்றரில் என்றால் நீங்கள் தொடங்கியது ஏறத்தாழ 1.077. இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள்.


அச்சாறுச் சாடி எழுதியது:

தம்பி, கொட்டிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மீளக்கூடிய நிலை.

நான் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவள். வெள்ளவத்தையில் என் வீட்டு வராந்தாவில் எந்நேரமும் ஏதாவது ஒரு சாடி புளித்துக்கொண்டே இருக்கும். உங்கள் பதிவில் என் கண் போய் நின்ற இடம் மாமி சொல்லும் கராம்பு இல்லை, தெஹிவளைக்காரர் சொல்லும் மூடியும் இல்லை. அம்மம்மாவின் அந்த ஒரு போத்தல் கள்ளுதான்.

கள்ளு ஈஸ்ட்டை மட்டும் கொண்டுவரவில்லை, அந்த ஈஸ்ட்டுக்கு வேண்டிய சாப்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. ஈஸ்ட் பெருகுவதற்குப் புரதம் கட்ட வேண்டும், புரதத்துக்கு நைதரசன் வேண்டும். வெள்ளைச் சீனியில் காபன், ஐதரசன், ஒட்சிசன் தவிர வேறொன்றும் இல்லை. தென்னம்பாளையிலிருந்து இறங்கும் சாற்றில் அமினோ அமிலங்களும் கனியுப்புகளும் உயிர்ச்சத்துகளும் இயல்பாகவே இருக்கின்றன. மெல்பன் தம்பியின் பார்லிச் சாற்றிலும் அவை தாராளமாக உண்டு. அதனால்தான் பியர்காரர்கள் இந்தத் தொல்லையை அதிகம் சந்திப்பதில்லை. உங்கள் வாளியில் இருப்பது சீனித் தண்ணீரும் இஞ்சியின் காரமும்தான். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைக்குக் காலையிலிருந்து வெறும் பிளேன்டீயை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் அவர் உட்கார்ந்துவிடுவார். உங்கள் ஈஸ்ட்டும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. தன் உடலில் இருந்த சேமிப்பை வைத்துச் சில தலைமுறைகள் பெருகியது. சேமிப்பு தீர்ந்ததும் சீனியை உள்ளே இழுக்கும் வாயில்கள் பழுதாகத் தொடங்கும். சுற்றிலும் சீனி நிறைந்திருந்தாலும் உள்ளே எடுக்க முடியாது.

இரண்டாவது காரணம் புளிப்பு. ஈஸ்ட் தன் வேலையைச் செய்யும்போதே அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பார்லிச் சாற்றில் அந்த மாற்றத்தைத் தாங்கிப் பிடிக்கும் பொருட்கள் இருப்பதால் பியரின் பிஎச் பெறுமானம் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.2, 4.5 என்ற அளவில் நிலைகொள்ளும். சீனித் தண்ணீரில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை, தொப்பென்று விழுந்துவிடும். நீங்கள் பதினைந்து தேசிக்காயின் சித்திரிக்கமிலத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டுத்தான் ஈஸ்ட்டை இறக்கியிருக்கிறீர்கள். ஈஸ்ட் இலேசான புளிப்பை விரும்பும். 3 க்குக் கீழே போனால் உள்ளே புகும் அமிலத்தை வெளியே இறைப்பதிலேயே அதன் சக்தியெல்லாம் போய்விடும்.

நீங்கள் தூவிய இரண்டாவது பொதிக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் நம்பிக்கை இழக்கிறார்கள். எழுந்த நுரை ஈஸ்ட்டின் வேலை இல்லை. பானத்தில் ஏற்கெனவே காபனீரொட்சைட்டு கரைந்திருந்தது. உலர்ந்த மணிகளின் சொரசொரப்பில் பட்டு அது ஒரேயடியாக வெளியே வந்தது, அவ்வளவுதான். சீனி போட்டிருந்தாலும் உப்புப் போட்டிருந்தாலும் அதே நுரை எழுந்திருக்கும். உலர்ந்த ஈஸ்ட் தண்ணீரை உறிஞ்சும் முதல் சில நிமிடங்களில் அதன் மென்சவ்வு இன்னும் சீராகியிருக்காது. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற கட்டுப்பாடு அப்போது அதற்கு இல்லை. அந்த நேரத்தில் புளிப்பும் சீனியும் மதுசாரமும் நிறைந்த திரவத்தில் விழுந்தால் பெரும்பகுதி இறந்துவிடும். நாம் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் கரைக்கச் சொல்வது அதனால்தான்.

மாமி சொல்வதிலும் பொருள் உண்டு. கராம்பில் உள்ள இயூஜினோலும் கறுவாவில் உள்ள எண்ணெயும் ஈஸ்ட்டை அடக்கக்கூடியவை. ஆனால் 10 லீற்றருக்கு ஏழெட்டுக் கராம்பு அதற்குப் போதாது. ஒரு பிடி போட்டிருந்தால் நானும் மாமியின் பக்கம் நின்றிருப்பேன். நீங்கள் தேசிக்காயைக் கையால் பிழிந்திருப்பதும் நல்லது. கடையில் விற்கும் போத்தல் சாறு சேர்ந்திருந்தால் அதில் சோடியம் பென்சோவேற்று இருக்கக்கூடும். புளிப்பான பானத்தில் அது ஈஸ்ட்டைக் கட்டிப்போட்டுவிடும், வெளியே எடுக்கவும் வழியில்லை.

மெல்பன் தம்பி சொன்னபடி நிறுத்துப் பாருங்கள். பிஎச் தாளும் வாங்குங்கள். மீன்தொட்டிக் கடையில் கேட்காதீர்கள். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் 6 க்கு மேல்தான் காட்டும். ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடையில் 3 ஐச் சுற்றிய பெறுமானங்களைக் காட்டும் தாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் எழுதுங்கள், மிச்சத்தைப் பார்த்துக்கொள்வோம்.


ஜம்பட்டா வீதி எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. தெஹிவளை உறவே, வாளியைக் கொதிநீரால்தான் கழுவினேன். மூடியிலும் கசிவு இல்லை.

வெறும் போத்தல் 30 கிராம். தண்ணீரோடு 1074. இஞ்சி பியரோடு 1134. அப்படியென்றால் 1104 ஐ 1044 ஆல் வகுக்க 1.0575 வருகிறது. பிஎச் தாளின் நிறம் 2.8 கட்டத்தோடு ஒத்துப்போகிறது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார், இஞ்சி பியர் என்றதும் தன் வீட்டிலும் வைப்பதாகச் சொல்லித் தாளைப் பாதியாக வெட்டி மலிவாகக் கொடுத்தார்.

பொதியில் மிஞ்சியிருந்த ஈஸ்ட்டையும் சோதித்தேன். சீனி கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடத்துக்குள் தொப்பி போட்டதுபோல் நுரைத்து எழும்பியது. ஆகவே ஈஸ்ட்டில் பழுது இல்லை.

இன்னொரு விடயம். கொப்பியில் சீனி "இரண்டு றாத்தல்" என்று இருந்ததை இப்போதுதான் அம்மா வாசித்துச் சொன்னார்.


அச்சாறுச் சாடி எழுதியது:

நல்லது, எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. இரண்டு றாத்தல் என்றால் 900 கிராமுக்குச் சற்று அதிகம். அம்மம்மாவின் பானம் இதில் பாதி இனிப்போடுதான் தொடங்கியிருக்கிறது. 1.077 இலிருந்து 1.0575 வரை வந்து நின்றிருக்கிறது, அதாவது சீனியில் கால்பங்கு போயிருக்கிறது, மதுசாரம் ஏறத்தாழ 2.5 சதவீதம். இந்தச் சீனி முழுவதும் நொதித்தால் 10 சதவீதத்தைத் தொட்டுவிடும். அது நத்தார் மேசையில் எல்லோருக்கும் ஊற்றும் பானமாக இருக்காது. ஆகவே முதலில் தண்ணீர் சேர்த்து ஐதாக்குவோம்.

இன்னும் கால் கிலோ இஞ்சியை இடித்து நாலு லீற்றர் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு வடித்து வாளியில் சேருங்கள். சீனி வேண்டாம், தேசிக்காய் வேண்டாம். இப்போது 14 லீற்றர், சாரடர்த்தி 1.041 அளவில் இருக்கும். சீனியின் பாரம், மதுசாரம், புளிப்பு மூன்றும் ஒன்றாகத் தணியும்.

ஆனால் பிஎச் தண்ணீரால் மட்டும் அதிகம் ஏறாது. அதற்கு முட்டைக்கோது. கோதின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. நாலைந்து கோதுகளைக் கழுவி, உட்புறத் தோலை உரித்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வாணலியில் ஈரம் போக வறுத்து, உரலில் மா போல இடித்துக்கொள்ளுங்கள். கால் தேக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். அடியிலிருந்து சிறு சிறு குமிழிகள் சீறிக்கொண்டு எழும்பும். அது அமிலம் முறிகிற அடையாளம். அது அடங்கியதும் தாளை நனைத்துப் பாருங்கள். 3.5 க்கும் 4 க்கும் இடையில் வரும்வரை கால் கால் தேக்கரண்டியாகப் போடுங்கள். மொத்தத்தில் ஒரு தேக்கரண்டிக்கு அங்கே இங்கே முடிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள், பழுதாக்கும் பக்றீரியாக்களுக்கு அது வாசலைத் திறந்துவிடும். அப்பச்சோடா கையில் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடவும் வேண்டாம். வேலை நடக்கும், ஆனால் உப்புக் கரிக்கும்.

அடுத்தது சாப்பாடு. 10 கிராம் பாண் ஈஸ்ட்டை ஒரு கோப்பைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் கொன்றுவிடுங்கள். இறந்த ஈஸ்ட்டில் உள்ள நைதரசனும் உயிர்ச்சத்துகளும் உயிருள்ள ஈஸ்ட்டுக்கு மிகப் பொருத்தமான உணவு. ஆறவிட்டு வாளியில் ஊற்றுங்கள். ஒரு பிடி முந்திரிகை வற்றலை நறுக்கிப் போடலாம், வாசனைக்கு நல்லது. ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள், அதில் உள்ள நைதரசன் சொற்பம். வத்துவைப் பக்கம் போகும் யாராவது நல்ல கள்ளுக் கொண்டுவந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. போத்தலில் அடைத்து விற்கும் கள்ளில் பதனப் பொருள் சேர்ந்திருக்கலாம், அது வேண்டாம்.

இப்போது புது ஈஸ்ட்டைப் பழக்கி இறக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பொறுமை. ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீர், 37 பாகை அளவு, மணிக்கட்டில் விட்டால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. ஒரு மேசைக்கரண்டி சீனி, 10 கிராம் ஈஸ்ட். நுரைத்து எழும்பியதும் நன்றாக அடித்துக் கலக்குங்கள்; மென்சவ்வைப் பலப்படுத்த அதற்கு இப்போது ஒட்சிசன் வேண்டும். பிறகு வாளியிலிருந்து, புளிப்புத் திருத்திய பானத்தில் ஒரு கோப்பை எடுத்து இதனோடு சேருங்கள். மறுபடி நுரைக்கும் வரை காத்திருங்கள். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகட்டும். பிறகு இரண்டு கோப்பை சேருங்கள், மறுபடி காத்திருங்கள். அது உயிரோடு பொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் வாளிக்குள் ஊற்றுங்கள். நுரை எழாத கட்டத்தில் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

போத்தலில் அடைப்பது பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நின்றுபோய் மீண்ட நொதித்தலில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஒரு லீற்றரில் 4 கிராம் சீனி நொதித்தால், அந்த லீற்றரின் கொள்ளளவு எவ்வளவோ அவ்வளவு வாயு உண்டாகும். சோடாப் போத்தல் ஒன்று பாதுகாப்பாகத் தாங்குவது அப்படியான நாலு மடங்கு. இனிப்பான இஞ்சி பியரில் அதைப்போல ஐந்து மடங்கு வாயுவை உண்டாக்கும் சீனி மிஞ்சியிருக்கும். கொழும்பு வெக்கையில் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு மறந்தால் போத்தல் வெடிக்கும், கண்ணாடி என்றால் துண்டுகள் முகத்துக்குப் பறக்கும். வெறும் சாராயப் போத்தலிலும் கோடியல் போத்தலிலும் ஒருபோதும் அடைக்காதீர்கள். அவை அமுக்கத்தைத் தாங்கச் செய்யப்பட்டவை இல்லை. மென்பானம் வந்த பிளாஸ்டிக் போத்தல்தான் சரி. சாரடர்த்தி 1.030 அளவுக்கு வந்ததும் அடையுங்கள், மதுசாரம் 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும். வெளியே வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கடைப் போத்தல் போல விறைத்ததும் எல்லாவற்றையும் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சிலவேளை ஒரே இரவு போதும். பெட்டியில் வைக்க இடம் உள்ள அளவுக்கு மட்டும் போத்தலில் அடையுங்கள்.


பம்பலப்பிட்டி டு மெல்பன் எழுதியது:

அக்கா சொன்ன படிமுறை பார்லிப் பியருக்கும் அப்படியே பொருந்தும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். முழு வாளியையும் தொடுவதற்கு முன் ஒரு சிறு போத்தலில் அரை லீற்றர் எடுத்து, அதில் தாராளமாக ஈஸ்ட் போட்டு, சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள். திருத்திய பானத்தில் அது நொதித்தால் வாளியும் நொதிக்கும். நொதிக்காவிட்டால் இன்னும் ஏதோ தடை இருக்கிறது என்று அர்த்தம், புது ஈஸ்ட்டை வீணாக்க வேண்டாம்.


ஜம்பட்டா வீதி எழுதியது:

உறவுகளே, மீண்டுவிட்டது!

முட்டைக்கோது போட்டபோது அக்கா சொன்னபடியே சீறியது. தாள் 3.6 க்கு வந்ததும் நிறுத்தினேன். மெல்பன் அண்ணா சொன்ன சிறு போத்தல் சோதனையும் செய்தேன், பலூனைப் போட்டுக் கட்டியிருந்தேன், அது நிமிர்ந்து நின்றது. பிறகுதான் வாளிக்குள் ஊற்றினேன். அன்றிரவு படுக்கும்போது தண்ணீர்ப் போத்தலில் மறுபடி குமிழிச் சத்தம். இப்போது நிறுத்துப் பார்த்தால் 1.033. புளிப்பு அடங்கி, இஞ்சியின் காரம் முன்னுக்கு வந்திருக்கிறது. மாமி ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

இரண்டு கேள்விகள் மட்டும். தேசிக்காயின் வாசனை குறைந்துவிட்டது, இனிச் சேர்க்கலாமா? எங்கள் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. பெருநாளுக்கு அவர்கள் வட்டிலப்பம் தருவார்கள், நத்தாருக்கு நாங்கள் கேக் கொடுப்போம். அவர்களுடைய பிள்ளைகள் இஞ்சி பியர் கேட்கிறார்கள். மதுசாரத்தைப் போக்க வழி உண்டா?


அச்சாறுச் சாடி எழுதியது:

மிகவும் சந்தோசம் தம்பி.

தேசிக்காய்ச் சாற்றைப் போத்தலில் அடைக்கும் நேரத்தில் சேருங்கள், அல்லது கிளாசில் ஊற்றும்போது பிழியுங்கள். வாசனையும் புதிதாக இருக்கும். அடுத்த வருடமும் அப்படியே செய்யுங்கள்: தொடக்கத்தில் தேசிக்காய் வேண்டாம், சீனி அம்மம்மாவின் அளவில், கள்ளு இல்லாவிட்டால் கொதித்த ஈஸ்ட் ஒரு கோப்பை.

மாடி வீட்டுக்கு இதைக் கொடுக்காதீர்கள். கொதிக்கவைத்தாலும் மதுசாரம் முழுமையாகப் போகாது, சிறிதளவு தங்கும். "கொஞ்சம்தானே" என்று நாம் முடிவெடுக்கக்கூடாது, அது அவர்களுடைய நம்பிக்கை. அந்தப் பிள்ளைகளுக்கு நொதிக்காத இஞ்சிப் பாணி செய்து கொடுங்கள். கால் கிலோ இஞ்சியைத் துருவி, கால் கிலோ சீனியும் இரண்டு கோப்பைத் தண்ணீரும் சேர்த்து மெல்லிய தீயில் இருபது நிமிடம் காய்ச்சி, வடித்து, ஆறியதும் நாலு தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். ஈஸ்ட் பட்ட வாளியோ கரண்டியோ குழாயோ அதில் படக்கூடாது. குளிர்சாதனப்பெட்டியில் ஒரு வாரம் நிற்கும். ஒரு பங்கு பாணிக்கு நாலு பங்கு சோடா, சோடாவைக் குடிக்கும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். போத்தலில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், நத்தார் அவசரத்தில் இரண்டும் மாறிவிடும்.